அப்பாவிடம் மிஞ்சியது

அப்பா வாழ்நாளில் எதற்கும் "சரி" என்று சொன்னவர் அல்ல. வெயில் நன்றாக அடிக்கிறது என்றால் "மழை வரும்" என்பார். மழை வந்தால் "இதெல்லாம் ஒரு மழையா" என்பார். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தள்ளும்போது ஒரு "ம்" வரும். அம்மாவுக்கு அதுதான் பாராட்டு. அப்படிப்பட்ட மனிதரின் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பேச்சையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போனபோது, ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்தச் சொல் "சரி". விதிக்கு நக்கல் கொஞ்சம் அதிகம்தான்.

தண்ணீர் வேண்டுமா? சரி. வலிக்கிறதா? சரி. இது யார், தெரிகிறதா? சரி. வேறு எதுவும் வராது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல முயல்வார், நெற்றி நரம்பு புடைக்கும், உதடு ஒரு பக்கமாகக் கோணும், கடைசியில் அதே "சரி" வந்து விழும். வலது கையும் வலது காலும் சேர்ந்து போய்விட்டன.

அவருக்குத் தொழிலே பேச்சுதான். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரே கார், ஒரே மாஸ்டர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்சு, கிளட்ச்சு, அட கடவுளே, கிளட்ச்சு" என்று கத்தியே தொண்டை கரகரத்துப்போனவர். அந்தக் காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் வழக்கமான மூன்று பெடல்கள். அப்பா பக்கம் தரையில் தனியாக ஒன்று. அது பிரேக். இரண்டு பிரேக்கையும் ஒரே கம்பி இணைத்திருக்கும். அப்பா மிதித்தால் இந்தப் பக்கப் பெடலும் தானாகக் கீழே போகும்.

எனக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் கால் அந்தப் பெடலில் இருக்கிறவரை எனக்குப் பயமே இருந்ததில்லை. ஆனால் வீட்டிலும் அவர் காலடியில் அப்படி ஒரு பெடல் இருந்தது என்பதுதான் தொல்லை. தோழிகளோடு வெளியூர் போக வேண்டுமா, மிதித்துவிடுவார். வேறு ஊரில் வேலை கிடைத்ததா, அதற்கும் ஒரு மிதி. அவர் மிதித்தும் நிற்காமல் போனது ஒரே ஒரு விஷயம். அது என் கல்யாணம்.

என் வீட்டுக்காரர் அப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். எலெக்ட்ரீஷியன். பின்பக்கமாக ஓட்டுவது மட்டும் அவருக்கு எத்தனை சொல்லியும் வரவில்லை. அப்பா அவருக்கு "ரிவர்ஸ்" என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றார். தோற்றது அப்பா வீட்டுக்கு வந்து போவதற்காகத்தான் என்று பின்னால் எனக்கு மட்டும் சொன்னார். நான் அதை இன்றுவரை நம்பவில்லை, அவருக்கு நிஜமாகவே ரிவர்ஸ் வராது. விஷயம் தெரிந்த அன்று அப்பா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என் கார்லயே உக்காந்து, என் பெட்ரோலைப் போட்டு, என் பொண்ணையே ஓட்டிட்டுப் போறான். நீயும் போ. இந்த வாசலை மிதிக்காதே."

நானும் மிதிக்கவில்லை. ரோஷத்தில் நான் அவருக்கு இளைத்தவள் இல்லை. அம்மா போய்ச்சேர்ந்த அன்று மட்டும் வந்தேன். கூடத்தின் ஓரத்தில் நின்றேன், திரும்பிப் போனேன். அன்றும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அம்மா இருந்த அந்த வீட்டில், அம்மாவைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆளிடம் பேச முடியாமல் போனது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் போன் வந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அப்பா அந்தப் பக்கத்து சீட்டில் சரிந்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்க் காரை நேராக ஆஸ்பத்திரிக்கே ஓட்டிவிட்டாள். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான் போனபோது கண்ணைத் திறந்து படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "அப்பா, நான் வந்திருக்கேன். நான் இங்க இருக்கலாமா?" என்றேன்.

"சரி" என்றார்.

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டேன். "என்மேல இருந்த கோபம் போயிடுச்சாப்பா?"

"சரி."

"அவரும் வெளியில நிக்கிறாரு. உள்ள வரச் சொல்லட்டுமா?"

"சரி, சரி."

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். அவருக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் தெரிந்தது. தெரிந்தபிறகும், என்னிடம் சொன்ன அந்த "சரி" மட்டும் நிஜமான சரி என்றே வைத்துக்கொண்டேன். அதை நம்பித்தான் நாங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா வீட்டுக்குக் குடிவந்தோம். அவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் நான். லீவு நாளில் அவருக்கு ஷேவ் செய்துவிடுவது என் வீட்டுக்காரர். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "மாமா, இந்தக் கன்னத்தைக் கொஞ்சம் காட்டுங்க" என்பார். அப்பா "சரி" என்பார். "பாத்தியா, மாப்பிள்ளைன்னா உயிரு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அப்பாவின் இடது கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும். கத்தி என்றால் யாருக்கும் பயம்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போன இடத்தில்தான் அந்த டாக்டரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ச்சி செய்கிறவர். ஸ்கேனுக்குள் படுக்கவைத்துக் காதில் வாக்கியங்களைப் போடுவார்களாம். நல்ல வாக்கியம் கொஞ்சம்; அதே வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்கு ஓடவிட்டு அர்த்தமில்லாத சத்தமாக ஆக்கியது கொஞ்சம். அர்த்தம் புரிகிற மூளையில் முதலாவதுக்கு ரத்தம் அதிகம் பாயும், இரண்டாவதுக்குப் பாயாது. புரியாத மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். அதைப் படத்தில் பார்த்துவிடலாம் என்றார்.

"இது வைத்தியம் இல்லைங்க. ஆராய்ச்சிக்குத்தான். தனி ஆளோட ரிசல்ட்டை நாங்க சொல்லவும் மாட்டோம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணு. அவரு சரின்னு சொல்றதை வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. அது அவரு சொல்றது இல்லை, தானா வர்றது."

எனக்குச் சுருக்கென்றது. "அவருக்கு எல்லாம் புரியுது, டாக்டர். நான்தானே கூடவே இருக்கேன்" என்றேன்.

"புரியலாம். அதைத்தான் பாக்கணும்" என்றார் பொறுமையாக.

பார்த்துவிடுவோம் என்று ஒத்துக்கொண்டேன். ஆராய்ச்சி எக்கேடு கெட்டால் எனக்கென்ன. அப்பாவுக்குப் புரிகிறது என்று அந்தப் படத்தில் வந்துவிட்டால் போதும், நான் கேட்டது புரிந்துதான் அவர் சரி சொன்னார் என்று ஆகிவிடும். சொல்ல மாட்டேன் என்றாலும் டாக்டர் முகத்திலிருந்து பிடுங்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அப்பாவிடம் டாக்டர் சம்மதம் வாங்கியது சொல்லால் அல்ல. ஸ்கேன் மெஷின் படம் ஒன்று, வீட்டின் படம் ஒன்று வைத்து, எது வேண்டும் தொடுங்கள் என்றார். அப்பா இடது கையால் மெஷின் படத்தைத் தொட்டார். அவர் மெஷின் என்றால் எதையும் தொடுகிற ஆள்.

ஆஸ்பத்திரியில் கூட்டமில்லாத லீவு நாளாகப் பார்த்து வரச்சொன்னார்கள். என் வீட்டுக்காரர்தான் டிரைவிங் ஸ்கூல் காரில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். முன் சீட்டில் உட்கார்ந்தால் அப்பா கியர்மேல் சாய்ந்துவிடுவார் என்று, நோய் வந்ததிலிருந்து பின் சீட்டில் தலையணை முட்டுக்கொடுத்துத்தான் உட்காரவைப்போம். ஒரு வீட்டில் ஃபேன் மாட்டித்தர வேண்டியிருக்கிறது, முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

ஸ்கேன் அறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் சின்ன அறையில் மூன்று நாற்காலி, நாலு திரை, ஒரு மைக். வழக்கமாக டாக்டரின் ஆராய்ச்சிக்கு வருகிற டெக்னீஷியன் அன்று லீவு. அன்று வந்திருந்தவர் நாளெல்லாம் முட்டிக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுக்கிறவர். நல்ல பையன்தான், கலகலப்பானவர். "இரும்பு ஏதாச்சும் இருக்கா ஐயா? சாவி, பெல்ட்டு, பல்லு செட்டு? உள்ள இருக்கறது பெரிய காந்தம், ஆளையே இழுத்துரும்" என்றார். அப்பா "சரி" என்றார். தட்டுமாதிரி நீண்ட படுக்கையில் படுக்கவைத்தார்கள். காதில் கேட்கிற கருவி, தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு, முகத்துக்குமேல் கூண்டுமாதிரி ஒன்று. குளிராமல் இருக்கக் கழுத்துவரை போர்வை, அதன்மேல் கை நழுவாமல் ஒரு பட்டை. கடைசியாக ரப்பர் பந்து ஒன்றை அப்பாவின் கையில் வைத்து விரல்களை மூடினார். "உள்ள ஏதாவது கஷ்டமா இருந்தா இதை அமுக்குங்க ஐயா. இங்க மணி அடிக்கும். உடனே நிறுத்திருவோம்."

"சரி" என்றார் அப்பா.

முதல் சுற்று அமைதியாகப் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போட்டது. வாக்கியங்களை ஓடவிடும் கணினி டாக்டர் பொறுப்பு. காதில் மாட்டிக்கொண்டு அதிலேயே மூழ்கியிருந்தார். அப்பாவோடு பேசுவது டெக்னீஷியன். சுற்று முடிந்ததும் மைக்கை அழுத்தி, "ஐயா, எல்லாம் சரியா? அடுத்தது போலாமா?" என்றார்.

ஸ்பீக்கரில் அப்பா குரல் வந்தது. "சரி."

"சூப்பர் பேஷன்ட்டுங்க உங்கப்பா. நம்ம முட்டிக்காரங்கல்லாம் உள்ள போன உடனே ஊரைக் கூட்டுவாங்க" என்றார் என்னிடம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது முடிந்தது. "சரி, சரி." மூன்றாவது முடிந்தது. "சரி, சரி, சரி." குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "தலை ஆடியிருக்கு. படம் கலங்குது. அவருகிட்ட கேளுங்க."

"ஐயா, ஆடாம இருக்கணும். இன்னும் கொஞ்சம்தான். எடுத்துரலாமா?"

"சரி. சரிசரி. சரி."

"ஓகே சொல்றாரு, டாக்டர்."

"ஓகே" என்றார் டாக்டரும். எந்தச் சொல்லை நம்பாதே என்று எனக்குப் பாடம் எடுத்தாரோ அதே சொல்லை அவரே அந்த ஒரு நொடியில் நம்பிவிட்டார். படித்த படிப்பு லீவில் போயிருந்தது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அது சம்மதமாகத்தான் கேட்டது.

மெஷின் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு இடையில் ஸ்பீக்கரில் மெல்லிசாக வந்துகொண்டே இருந்தது. "சரி சரி சரி சரி." ராகம் மாறி, உடைந்து, இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் "சரி". அப்பா அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. எழுந்து கண்ணாடியருகே போனேன். அப்பாவின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. வலது கால் மரக்கட்டையாகக் கிடந்தது. இடது கால் படுக்கையை மிதித்துக்கொண்டிருந்தது. எடுத்து எடுத்து மிதித்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

"சரின்னுதானேம்மா சொல்றாரு" என்றார் டெக்னீஷியன்.

"அவருக்கு வேற என்னய்யா சொல்லத் தெரியும்? நிறுத்து."

டாக்டர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார். மெஷின் நின்றது. அப்பாவை வெளியே இழுத்தார்கள். முகமெல்லாம் கண்ணீரும் வியர்வையும். இடது காதிலிருந்த கருவி நழுவிக் கீழே இறங்கியிருந்தது. அதன் பிளாஸ்டிக் முனை காதுக்குப் பின்னால் குத்தி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. முதல் சுற்றுக்குப் பிறகு நழுவியிருக்க வேண்டும், அப்போதிருந்து அந்தச் சத்தம் நேராக அவர் காதுக்குள் இறங்கியிருக்கிறது. வாக்கியம் எதுவும் அதில் கேட்டிருக்காது.

ரப்பர் பந்து அவர் வலது கையில் இருந்தது. வைத்தபடியே, ஒரு விரல்கூட மடங்காமல் இருந்தது. இடது கை போர்வைக்கு அடியில், பட்டைக்குள்.

மூன்று பேரும் அந்தப் பந்தையே பார்த்தோம். டெக்னீஷியன் முகத்தில் ரத்தமே இல்லை. "எல்லாருக்கும் வலது கையிலதான் குடுப்போம்... பழக்க தோஷம்... மன்னிச்சிருங்க ஐயா" என்றார். அப்பா அவரைப் பார்த்து "சரி" என்றார். அந்தப் பையன் வெளியே போய்விட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் யாரைத் திட்டுவது. பேச்சு போனவர்களைப் பற்றி ஆராய்ச்சி. பேச்சு போனவர்களில் பாதிப்பேருக்குமேல் வலது கையும் போயிருக்கும். ஊரெல்லாம் தெரிந்த விஷயம் அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

காது டாக்டர் வந்து பார்த்து, செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரைச்சல் சில நாள் இருக்கும் என்றார். அப்பா சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். ஆராய்ச்சி டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என் தப்பு. நடந்ததை நான் மேலிடத்துக்கு எழுதிக் குடுத்துருவேன். நீங்களும் புகார் குடுக்கலாம்" என்றார்.

"புகார் கிடக்கட்டும், டாக்டர். முதல் படம் ஆடலைல்ல? அதுல என்ன தெரிஞ்சுது?"

"சொல்லக் கூடாது."

"எங்கப்பாவை அழவச்சுட்டு அனுப்புறீங்க. அதையாவது சொல்லுங்க."

வராந்தாவை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தார். என்னை உள்ளே அழைத்துப்போய்த் திரையில் காட்டினார். அப்பாவின் மூளை. இடது பக்கம் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. அங்கேதான் ரத்தம் போகாமல் செத்துவிட்டது. அதைச் சுற்றி ஓரத்திலும், எதிர்ப்பக்கத்திலும் ஆரஞ்சு நிறப் பொட்டுகள். நல்ல வாக்கியத்துக்கு அவை தெரிந்தன. தலைகீழ் வாக்கியத்துக்கு அநேகமாக அணைந்திருந்தன.

"ஒரே ஒரு படத்தை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தோணறதைச் சொல்றேன். அவருக்குப் புரியுது. முழுசா இல்லாட்டியும், நிறையவே புரியுது."

நான் கும்பிட்டேன். நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்ப அவர் சரின்னு சொன்னது..."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு என் கதை தெரியாது. ஆனால் ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது வேற வழி. உள்ள போற பாதை ஓரளவு பிழைச்சிருக்கு. வெளிய வர்ற பாதை இல்லை. ஆமாம்னு நினைச்சாலும் வாயில அதுதான் வரும், வேணாம்னு நினைச்சாலும் அதுதான் வரும். இப்ப உள்ள இருந்து சொல்லிட்டே இருந்தாரே, அது மாதிரி."

கேட்டது கிடைத்துவிட்டது. கேட்காததும் கூடவே வந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை என்று இருந்திருந்தால்கூட, குழந்தைமாதிரி இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். எல்லாம் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல், தினமும் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரா? அந்தப் பந்து நினைவுக்கு வந்தது. செத்த கையில் பந்தைக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கவில்லை, சுகமாக இருக்கிறார் என்று நான்தான் அத்தனை மாதமும் உட்கார்ந்திருந்தேனா?

காரருகே வந்தபோது அப்பா பின் சீட்டுக்கு வர மறுத்தார். இடது கையால் முன்கதவைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் உதவியோடு அவருடைய பழைய சீட்டிலேயே உட்காரவைத்து, தலையணையை எனக்கும் அவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து, பெல்ட்டை இறுக்கினேன்.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் மெதுவாக ஊர்ந்துகொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினேன். "டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டாங்கப்பா. உங்களுக்கு இஷ்டம்னா இன்னொரு நாள் வந்து படத்தை முடிச்சுக் குடுக்கலாம்னு சொல்றாங்க. வரலாமா?"

"சரி" என்றார் அப்பா. கார் குலுங்கி நின்றது.

நான் மிதிக்கவில்லை. என் பக்கப் பெடல் தானாகக் கீழே போயிருந்தது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் இடது கால் அவருடைய பிரேக்கில் இருந்தது. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

கையைக் காட்டி அவனைப் போகச் சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டி ஒரு மதில் ஓரமாகக் காரை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. "அப்பா, நான் கேக்கறேன். வேண்டாம், இல்லைன்னா பிரேக்கை மிதிங்க. ஆமான்னா சும்மா இருங்க." என் காலை என் பக்கப் பெடல்மேல் இலேசாக வைத்துக்கொண்டேன்.

"நீங்க டாக்டரா?"

"சரி." பெடல் என் காலுக்கடியில் இறங்கியது, ஏறியது.

"டிரைவிங் மாஸ்டரா?"

"சரி." பெடல் அசையவில்லை.

"அம்மா வீட்டுல இருக்காங்களா?"

மெதுவாக இறங்கியது. மெதுவாக ஏறியது.

"நான் உங்க பொண்ணா?"

அசையவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் அதையே வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் தெரிந்தே இன்னொரு முறை அந்தக் கையில் பந்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் நம்ம வீட்டுல..." முடிக்கவில்லை, பெடல் சட்டென்று அடிவரை போயிற்று. "அவர் உங்களுக்கு ஷேவ் பண்றது?" மேலே வந்த பெடல் மறுபடி அடிவரை போயிற்று. "சரி, சரி" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உங்களைக் கேட்டேன், என்மேல இருந்த கோபம் போயிடுச்சான்னு. போயிடுச்சாப்பா?"

இந்த முறை வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தேர்வுக்கு ஆளைத் தயார் செய்கிறபோது பார்ப்பாரே, அப்படி. நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு என் காலுக்கடியில் பெடல் இறங்க ஆரம்பித்தது. வேகமாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கடைசிவரை இறங்கி, அங்கேயே நின்றது. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காலை எடுக்கவில்லை.

ஆத்திரமாக வந்தது. உன் மலத்தை வாரிப்போட்டவள் நான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லச் சும்மா இருந்தாலே போதும். அவர் கஷ்டப்பட்டு மிதித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்பா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சரிப்பா" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தையும் துடைத்துவிட்டேன். "வீட்டுக்குப் போலாமா?"

பெடல் மேலே வந்தது.

வாசலில் என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு காத்துக்கொண்டிருந்தார். லீவு நாள், ஷேவ் செய்கிற நாள். படியில் வெந்நீர்க் கிண்ணமும் ரேசரும் தயாராக இருந்தன. ஓடிவந்து முன்கதவைத் திறந்தார். "என்ன மாமா, உங்க சீட்டுலயே உக்காந்து ஜம்முனு வந்துட்டீங்க? படம் நல்லா வந்துச்சா?"

"சரி" என்றார் அப்பா.

"பாத்தியா, என்கிட்ட மட்டும் உடனே பதில் வரும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து அப்பாவைத் தூக்கக் கையை நீட்டினார். அப்பாவின் இடது கால் தரையில் தேடுவது எனக்குத் தெரிந்தது. இன்ஜின் நின்றிருந்தது, கார் நின்றிருந்தது, ஆனாலும் அவர் மிதித்தார். என் பக்கப் பெடல் கீழே போயிற்று.

"நீங்க நகருங்க. நானே இறக்கிக்கறேன்" என்றேன்.

"ஏன், நான் புடிக்கிறேனே. உனக்கு இடுப்பு வலிக்கும்."

இறங்கிச் சுற்றிவந்து, அவர் தோளிலிருந்து துண்டை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் புரியாமல் சிரித்தபடியே ஓரடி பின்னால் போய் நின்றார்.